ஜீப் ரோட்டிலேயே நிற்கட்டும்!

பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டால் சிலருக்குக் கொண்டாட்டம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளை எடுத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் கிளம்பிவிடுகிறார்கள். சேற்றில் வண்டி ஓட்டுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. போகிற இடத்தில் பழங்காலப் பாறை ஓவியமும் இருந்துவிட்டால் இரட்டிப்புச் சந்தோஷம்!

ஓவியம் பார்க்கப் போவது நல்ல காரியம்தான். மழையில் பாறையடி வரை ஜீப்பிலேயே போவதுதான் தவறு.

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கிலோ மீட்டர். அந்த ஒரு மாவட்டத்தில் எத்தனை செல்வம்! சூளகிரி பக்கத்தில் மல்லச்சந்திரம். அங்கே பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் இருக்கின்றன. அவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. சிலவற்றின் உட்பக்கத்தில் வெள்ளை ஓவியங்கள். பர்கூர் பக்கத்தில் மல்லப்பாடி. அங்கே பாறையில் குதிரை வீரர்கள். மயிலாடும்பாறையிலும் ஓவியங்கள் உண்டு. அங்கே இரும்பு கிடைத்த மண் அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் தமிழக சட்டசபையில் அறிவிக்கப்பட்டது.

அந்த மாவட்டத்திலிருந்து வந்து பெங்களூரில் கொத்து வேலையும் சித்தாள் வேலையும் செய்கிறவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மழையில் ஜீப் போனால் என்ன ஆகிறது? ஈர மண்ணில் சக்கரம் பள்ளம் பறிக்கிறது. அடுத்த மழையின் தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே ஓடி, அதை ஓடையாக்கிவிடுகிறது. ஆடு மாடு போகும் பாதை கெடுகிறது. ஓரத்தில் நிற்கும் கேழ்வரகும் நசுங்குகிறது. வண்டி சிக்கிக்கொண்டால், அக்கம் பக்கத்துக் கல்லைப் பெயர்த்துச் சக்கரத்துக்கு அடியில் போடுகிறார்கள். அந்தக் கல் பழங்காலக் கல்வட்டத்தின் கல்லாக இருந்தால்? போனது போனதுதான்! போட்டோவில் பளிச்சென்று தெரியட்டும் என்று ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்கிறவர்களும் உண்டு. அதுவும் சாயத்துக்குக் கேடு.

"மலையையே உடைக்கும் கல் குவாரியை விட்டுவிட்டு ஜீப்பைக் குறை சொல்வானேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குவாரி செய்யும் சேதம் பெரியது. அதைத் தடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. ஆனால் குவாரிக்காரர் கல்லுக்காக வருகிறார். ஜீப்பில் வருகிறவரோ ஓவியத்தின் மேல் ஆசைப்பட்டு வருகிறார். ஆசை வைத்தவரே அழிக்கலாமா?

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா ஓவியங்கள் வெளிச்சத்துக்கு வந்த கதையைக் கேளுங்கள். 1957-ல் வாகன்கர் என்ற அறிஞர் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகத்தான் அந்தப் பாறைகளைக் கண்டார். பிறகு தேடிப் போய் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். 2003-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. ரயில் பயணியின் கண்ணே போதுமானதாக இருந்தது!

செய்ய வேண்டியது சுலபம். தார் ரோடு முடியும் இடத்தில் வண்டிகளை நிறுத்த சர்க்கார் ஏற்பாடு செய்யட்டும். ஓவியத்தின் வயதைச் சொல்லும் பலகை வைக்கட்டும். வழிகாட்ட உள்ளூர் வாலிபர்களை நியமித்துக் கூலி கொடுக்கட்டும். அவர்களுக்கு அதில் நாலு காசு வந்தால், காவலும் தானாக வந்துவிடும்.

பார்க்க விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்து தை பிறந்ததும் பஸ் ஏறலாம். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டலாம். கடைசித் தூரத்தை நடந்தே போகட்டும். அத்தனை காலம் நின்ற பாறை, இன்னும் மூன்று மாதத்தில் எங்கேயும் ஓடிவிடாது!