பழைய ரயிலுக்குப் புது பெயிண்ட் வேண்டாம்!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டார்கள். "பொம்மை ரயிலைப் பத்தி எழுதறேன்" என்றேன். ரூமே சிரித்தது. "வேலைவாய்ப்பு, இன்டர்வியூ, அரியர்ஸ் கிளியர் பண்றது எப்படின்னு எழுதுவியா... அதை விட்டுட்டு பொம்மை ரயிலாம்!" என்றான் ஒருவன்.

சிரிக்கட்டும். நான் சொல்லப் போவது விளையாட்டுப் பேச்சு அல்ல. பழைய மாடல் ரயில்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சேர்ப்பது சுலபம். சரி செய்வது கொஞ்சம் கஷ்டம். அடுத்தவர் கையில் ஒழுங்காக ஒப்படைப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். அந்த மூன்றில் நடுவில் இருக்கும் வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை ஒளிக்காமல் சொல்லி, என் கருத்தையும் சொல்லி விடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். நான் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு நாள் கூப்பிட்டு, பரணிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு டின் தகட்டு இன்ஜின், அதன் பின்னால் மாட்டும் கரி வண்டி, மூன்று வேகன், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். லிவர்பூலில் செய்த ஹார்ன்பி ரயில்! இன்ஜின் பச்சை. கரி வண்டியின் பக்கவாட்டில் எல்.என்.இ.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள். அது 'லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே'. 1948ல் பிரிட்டனில் ரயில்வே நாட்டுடைமை ஆனபோது அந்தக் கம்பெனியே இல்லாமல் போய்விட்டது.

ஐம்பதுகளில் பொன்மலை ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. கிளம்பும்போது அந்த வீட்டுப் பையன் தன் ரயிலைத் தாத்தாவிடம் கொடுத்து விட்டுப் போனானாம். அப்போது தாத்தாவுக்கு எட்டு வயசு. "அவன் பேர் இன்ஷியலை ஆணியால கீறி வச்சிருக்கான் பாரு" என்று கரி வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். "இப்போ சுத்த மாட்டேங்குது. ஓட வை தம்பி, பார்க்கலாம்" என்றார்.

ஓட வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது!

பழைய எண்ணெய் காய்ந்து பல்சக்கரங்களில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டேன். ஜம்மென்று சுத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இவ்வளவு செய்தோம், வெளியிலும் பளபளன்னு ஆக்கிக் கொடுப்போம்' என்று உப்புத்தாளை எடுத்தேன். தின்னரை எடுத்தேன். ஸ்பிரே பெயிண்ட் வாங்கி இரண்டு கோட் அடித்தேன். கடையில் இருந்து வந்த புதுசு மாதிரி இருந்தது.

தாத்தா கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கரி வண்டியின் பின்பக்கத்தை விரலால் தடவினார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் பேரு போயிடுச்சே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

அதற்குப் பிறகுதான் இந்த ரயில்களைப் பற்றித் தேடிப் படித்தேன். ரிப்பேர் செய்வதற்கு முன் படித்திருக்க வேண்டும்!

ஃபிராங்க் ஹார்ன்பி 1863ல் லிவர்பூலில் பிறந்தவர். 1901ல், துளையிட்ட தகடுகளை நட்டு போல்ட்டால் இணைத்துக் கிரேன், பாலம் எல்லாம் செய்யும் ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் பின்னால் 'மெக்கானோ' ஆனது. 1920ல் அவர் கம்பெனி ஹார்ன்பி ரயிலை வெளியிட்டது. தண்டவாள அகலம் 32 மில்லி மீட்டர். இதற்கு 'ஓ கேஜ்' என்று பெயர். இங்கிலாந்தின் நிஜத் தண்டவாளம் 1435 மில்லி மீட்டர். வகுத்துப் பாருங்கள், சுமார் 45ல் ஒரு பங்கு வரும். 1938ல் இன்னும் சின்னதாக, 16.5 மில்லி மீட்டரில் 'ஹார்ன்பி டப்ளோ' வந்தது. 'டபுள் ஓ' என்பதுதான் 'டப்ளோ' ஆகிவிட்டது.

இதில் என் மனசைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த 1920 இன்ஜின்கள் மெக்கானோ போலவே நட்டு போல்ட்டால் பூட்டப்பட்டவை. பையன்கள் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டலாம். அதாவது, 'இது கெட்டுப் போகும், நீதான் சரி செய்யணும்' என்று நினைத்தே செய்த பொருள்! இன்று நம் கையில் இருக்கும் எத்தனை சாமான்களை நம்மால் கழற்ற முடிகிறது? கழற்றினால் திரும்ப மூட முடிகிறதா? ஒர்க் ஷாப்பில் லேத்தும் ஃபைலும் பிடிக்கிற நமக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை என்ன சொல்வது!

ஹார்ன்பி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த அந்த ஃபேக்டரி 1979லேயே மூடப்பட்டு விட்டது. இனி அங்கிருந்து ஒரு ஸ்குரூ கூட வராது. இருப்பது அவ்வளவுதான். அதனால்தான் கை வைப்பவருக்குப் பொறுப்பு வேண்டும் என்கிறேன்.

நான் பார்த்த, படித்த வரையில் இந்த ஆர்வலர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து விலை ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது வகை என்னை மாதிரி: பழசைப் புதுசாக்கியே தீருவார்கள். மூன்றாவது வகைதான் சரியான வகை. ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் செய்வார்கள், மற்றதைத் தொட மாட்டார்கள்.

முதல் வகையினரிடம் கேட்கிறேன். ரயில் என்றால் ஓட வேண்டாமா? பல வருஷம் சும்மா கிடந்தால் எண்ணெய் இறுகும், துரு ஏறும். நிஜ ரயிலையே பாருங்கள். 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'ஃபேரி குயின்' நீராவி இன்ஜினை மியூசியத்தில் நிறுத்தியதோடு நம் நாட்டில் விட்டு விடவில்லை. 1997ல் மறுபடி தண்டவாளத்தில் ஓட விட்டார்கள். 142 வயசுக் கிழவி ஓடினாள்! பொம்மைக்கு மட்டும் ஏன் ஆயுள் தண்டனை?

இரண்டாவது வகையினரிடம், அதாவது என்னிடமே, இன்னும் கடுமையாகப் பேச வேண்டும். டின் தகட்டில் நிறமும் எழுத்தும் அச்சடித்து வந்தவை. அதை உரித்து விட்டால் உலகத்தில் எந்தப் பெயிண்டாலும் அதே அச்சைத் திரும்பக் கொண்டு வர முடியாது. கீறல் அழுக்கு அல்ல. யார் விளையாடினார்கள், எங்கே விழுந்தது, எப்படி நம்மிடம் வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

"அப்போ துருப்பிடிச்சுப் போனா அப்படியே விட்டுடணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முக்கால்வாசி நிறம் போய், துரு தகட்டையே தின்கிறது என்றால் பெயிண்ட் அடித்துத்தான் காப்பாற்ற வேண்டும். தேய்ந்த பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். நான் சொல்வது மூன்றே மூன்று விதி. ஒன்று, முடிந்த வரை திரும்பக் கழற்றக் கூடிய வேலையாகச் செய்யுங்கள். இரண்டு, கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவில் போட்டு ரயிலோடு வையுங்கள். மூன்று, என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

நம்ம பிராஞ்ச் நண்பர்களுக்காகக் கொஞ்சம் டெக்னிக்கல் விஷயமும் சொல்கிறேன். மெக்கானிக்கல் நண்பர்களே, சாவி கொடுக்கும் இன்ஜினைக் கழற்றும் முன் மெயின் ஸ்பிரிங்கில் முறுக்கு முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கோடு பிரித்தால் ஸ்பிரிங் பாய்ந்து கையைக் கிழித்து விடும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் விடவே கூடாது; அதுதான் பிசினாக மாறுகிறது. 1930களில் வந்த சில ரயில்களின் சக்கரங்கள் உப்பி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். அது துரு இல்லை. துத்தநாகக் கலவையில் ஈயம் மிகச் சிறிதளவு கலந்து விட்டாலே, வருஷம் ஆக ஆக உலோகம் உள்ளுக்குள் பிளந்து கொண்டே போகும். அதனால்தான் அந்தக் கலவைக்கு 99.99 சதவீதம் தூய்மையான துத்தநாகம் வேண்டும் என்கிறார்கள். மெட்டலர்ஜி பேப்பரில் மனப்பாடம் செய்ததை நேரில் பார்க்க இதை விட நல்ல சாம்பிள் கிடைக்காது! இதற்கு வைத்தியம் கிடையாது. புதுச் சக்கரம் போடுவது ஒன்றே வழி.

எலக்ட்ரிகல் நண்பர்களே, பழைய டப்ளோ இன்ஜின் 12 வோல்ட் டி.சி.யில், நிலைக் காந்த மோட்டாரில் ஓடுவது. ஆர்மேச்சரை வெளியே உருவினால் காந்தம் பலம் குறைந்து விடும். உருவும்போதே காந்த முனைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டை வையுங்கள். ஆனால் அமெரிக்காவின் பழைய லயனெல் ரயில்கள் ஏ.சி.யில் ஓடுபவை. எது எதற்கு என்று பார்க்காமல் சப்ளை கொடுத்தால் காயில் புகைந்து விடும். லேபில் நாம் செய்யாததா!

இனி கடைசி வேலை, ஒப்படைப்பது. இதில்தான் பெரிய பெரிய ஆட்களே கோட்டை விடுகிறார்கள். ஆயுசு முழுக்கச் சேர்ப்பார்கள். எதற்கு எது ஜோடி, எந்தச் சாவி எந்த இன்ஜினுக்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் கண்ணை மூடியதும், வீட்டார் இன்ஜினை ஒருவருக்கும் வேகனை ஒருவருக்கும் பிரித்து விற்று விடுவார்கள். தண்டவாளம் காயலான் கடைக்குப் போகும். வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு யார் சொன்னது?

அமெரிக்காவில் 1954லும் இங்கிலாந்தில் 1969லும் இந்த ஆர்வலர்கள் சங்கமே அமைத்திருக்கிறார்கள். தனி மனிதன் போனாலும் விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேர் மிஞ்ச வேண்டும் என்பதற்கு அது ஒரு வழி. நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி என்பவர் ஆசை ஆசையாகச் செய்த குட்டி ரயில் உலகம், 1998 முதல் மியூசியமாக மக்கள் பார்வைக்கு இருக்கிறது. வழி இருக்கிறது நண்பர்களே, மனசுதான் வேண்டும்.

சங்கமோ மியூசியமோ இல்லாத இடத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். நாம் எழுதாத ரெக்கார்டு நோட்டா? பொருள் எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் இருந்தது, எந்தத் தேதியில் எதை மாற்றினோம் — இவ்வளவுதான். பெட்டிக்குள் அந்த நோட்டு இருந்தால் யார் கைக்குப் போனாலும் ரயில் அநாதை ஆகாது. இன்னொன்றும் சொல்வேன். ஒப்படைப்பதைக் கடைசி காலத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். கையில் தெம்பு இருக்கும்போதே ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாவி கொடுக்கச் சொல்லுங்கள். கழற்றக் கற்றுக் கொடுங்கள். வாங்கிக் கொள்பவருக்குப் பழுது பார்க்கத் தெரியவில்லை என்றால், நாம் கொடுத்தது பொருளை மட்டும்தான்.

தாத்தா அந்த ரயிலை என்னிடமே கொடுத்து விட்டார். "உன் தப்பு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீயே வச்சுக்கோ. அடுத்த ஆளையும் நீயே பாரு" என்றார். நோட்டுப் போட்டு விட்டேன். முதல் பக்கத்தில் அந்த ஆங்கிலோ இந்தியப் பையனின் இன்ஷியலைத் தாத்தா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன், அது எந்த இடத்தில் இருந்தது என்று படமும் போட்டு. இரண்டாம் பக்கத்தில், 'பழைய நிறத்தை உரித்துப் புது பெயிண்ட் அடித்தது நான்' என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசத்தான் செய்தது.

பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் தினமும் சாயந்திரம் வந்து, "அண்ணா, சாவி நான் கொடுக்கட்டுமா?" என்கிறாள். போன வாரம் ஸ்குரூ டிரைவரையும் கேட்டாள். கொடுத்தேன். உப்புத்தாளை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன்!

நண்பர்களே, நாளைக்கு நாம் பெரிய பெரிய மெஷின்களில் கை வைக்கப் போகிறோம். அதையும் நமக்கு முன்னால் யாரோ ஓட்டியிருப்பார்கள். நமக்குப் பின்னால் யாரோ ஓட்டுவார்கள். ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் அவர்களையும் நினைத்துக் கொள்வோம்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்