பழி பிள்ளைமேல், தப்பு வயரில்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பேத்தியின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மண் காய்ந்தால் தானே செடிக்குத் தண்ணீர் விடும் கருவி செய்திருந்தாள். இஎஸ்பி32 போர்டு, ஈரப்பத சென்சார், ஒரு குட்டி பம்ப். வீட்டில் போர்டை லேப்டாப்பிலும் பம்பைத் தனி அடாப்டரிலும் மாட்டி ஓட்டினாள். நன்றாக ஓடியது. கண்காட்சியில் மேசை அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே போன் சார்ஜரில் நீள வயர் போட்டு இணைத்துவிட்டாள். பம்ப் ஒருமுறை துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். பார்வையிட வந்தவர், "புரோகிராம் தப்பு. யாரோ எழுதியதைக் காப்பி அடித்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நானும் என் பங்குக்கு, "ஒழுங்காகச் சரிபார்த்திருக்கக் கூடாதா?" என்றேன். அந்த வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

இரவு, போர்டு டிசைன் வேலையில் இருக்கும் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். புரோகிராமைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சார், பம்புக்கும் போர்டுக்கும் ஒரே வயரா?" என்றான்.

விஷயம் இதுதான். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழும். சிப் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகும். ஆனதும் பம்ப் நிற்கும், மின்னழுத்தம் ஏறும், சிப் விழிக்கும். மண் இன்னும் காய்ந்துதானே இருக்கிறது? மறுபடி பம்பைப் போடும். புரோகிராம் சொன்னதைத்தான் செய்தது!

மோட்டார் இல்லாவிட்டாலும் தொல்லை உண்டு. இந்த சிப் வைஃபையில் செய்தி அனுப்பும்போது திடீரென்று 240 மில்லியாம்பியர் வரை கேட்கும். உள்ளே இருக்கும் சுவிட்சுகளோ நானோ நொடிக் கணக்கில் மாறுபவை. 10 செ.மீ. வயரின் தூண்டல் ஏறத்தாழ 100 நானோ ஹென்றி. அதில் 10 நானோ நொடியில் 0.1 ஆம்பியர் கூடினால் 1 வோல்ட் விழும். 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு அது பெரிய அடி. அதனால்தான் சிப்பின் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு மின்தேக்கி வைப்பார்கள். குழாயில் தண்ணீர் வந்து சேரும்வரை அடுப்படியில் ஒரு குடம் நிறைத்து வைப்பதில்லையா, அதுபோல. குடம் கொல்லையில் இருந்தால் பிரயோசனமில்லை. மின்தேக்கியும் தள்ளி இருந்தால் அப்படித்தான். அதன்மேல் 104 என்று போட்டிருக்கும்: 10-க்குப் பின் 4 பூஜ்யம், 1,00,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். விலை ஓரிரு ரூபாய். கணினியின் பிராசசர் ஏறத்தாழ 1 வோல்ட்டில் 100 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். அதைச் சுற்றி எத்தனை மின்தேக்கிகள் என்று மதர்போர்டை ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு கிட் விற்பவர்களும் வகுப்பெடுப்பவர்களும் முதல் நாளே கோடிங்கில் இறங்கிவிடுகிறார்கள். மின்சாரம் எங்கிருந்து, எந்த வழியாக, எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வதில்லை. எளிதாக இருந்தால்தானே பிள்ளைகள் வருவார்கள் என்பார்கள். எல்இடி எரிய வைக்கும்வரை அது சரி. மோட்டார் வந்த அன்றைக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளை தன் மூளையைத்தான் சந்தேகப்படும். நானும் யோக்கியன் இல்லை. கரும்பலகையில் வயர் என்று ஒரு கோடு போட்டு, அது எதையும் குறைக்காமல் கொண்டுபோகும் என்பது போலத்தான் இத்தனை வருடம் பாடம் நடத்தினேன்.

மறுநாள் பம்புக்குத் தனி அடாப்டர் கொடுத்து, இரண்டின் மைனஸ் வயரையும் சேர்த்து, போர்டின் பக்கத்தில் 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று வைத்தோம். (பிளஸ், மைனஸ் மாற்றி வைத்தால் இது வெடிக்கும், ஜாக்கிரதை.) புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இப்போது மாடியில் கறிவேப்பிலைச் செடிக்கு அதுதான் தண்ணீர் விடுகிறது.

ஆனால் அடுத்த வருடம் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறாள். இந்தத் துறையில் இருக்கும் என் மாணவிகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசுங்களேன். தாத்தா சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.