குழந்தைகளும் சர்க்கார் பொக்கிஷமும்

குழந்தைகளைக் காப்பதற்குச் சட்டம் இல்லையென்று இத்தேசத்தில் இனி எவரும் சொல்ல முடியாது. சட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை நடத்துவதற்குப் பணமும் ஆட்களும் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. வரவு செலவுத் திட்டம் விவாதத்துக்கு வரும்போதெல்லாம் சாலைகளைப் பற்றியும் பாலங்களைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசும் நமது பிரதிநிதிகள் இந்தக் கேள்வியைக் கேட்பது அபூர்வம். குழந்தைகளுக்கு வோட்டு இல்லை. ஆகவே அவர்கள் சார்பில் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் செய்வதில் நமது சென்னை மாகாணம் மற்ற மாகாணங்களுக்கு வழிகாட்டியாக நின்றது. 1920-ஆம் வருஷத்திலேயே இங்கே குழந்தைகள் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. பிறகு 1929-இல் நியமனமான விட்லி கமிஷன், கடனுக்காகப் பெற்றோர் தம் குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமையை விசாரித்து 1931-இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், அடகு பிடிக்கும் முதலாளிக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம் என்று அதில் கண்டிருந்தது. அபராதம் விதிக்கத் தெரிந்த அந்தச் சர்க்காருக்கு, அப்பெற்றோரின் கடனைத் தீர்க்க ஒரு ரூபாயேனும் ஒதுக்க வேண்டுமென்று அச்சட்டத்தில் தோன்றவில்லை. அது அந்நிய சர்க்கார். நம் சொந்த சர்க்கார் அதே வழியில் நடக்கலாமா?

சுதந்திரம் வந்தபின் சட்டங்கள் பெருகின. அரசியல் சட்டத்தின் 24-ஆவது ஷரத்து, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலைகளிலும் சுரங்கங்களிலும் அபாயகரமான தொழில்களிலும் அமர்த்தலாகாது என்கிறது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டமும், 2015-இல் இன்று நடப்பிலுள்ள இளஞ்சிறார் நீதிச் சட்டமும் வந்தன. சட்டம் பாவு போன்றது. பணமும் ஆட்களும் ஊடை. பாவு எவ்வளவு உயர்ந்ததாயினும் ஊடை ஓடாவிட்டால் துணி ஆகாது.

ஏனாத்தூரிலிருந்து எழுதும் நமக்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டின் புகழுக்குக் காரணம் கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்து கோப்பதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளி ஒருவனே மூன்றையும் வீச முடியாது. மறுபக்கத்துக் கரைக்கு ஒரு துணையாள் அவசியம். நெடுங்காலமாக அந்தத் துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். வீட்டில் நோய், சாவு, கலியாணம் ஏதேனும் நேர்ந்தால் தகப்பன் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவான். அதற்கு ஈடாகக் குழந்தை தறிக்குப் போகும். கூலியோ அற்பம், அசல் தீராது. அசல் தீராத வரையில் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் சர்வதேச ஸ்தாபனம் இந்தியப் பட்டுத் தொழிலில் அகப்பட்ட கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், கர்நாடகத்தோடும் வாரணாசியோடும் நமது காஞ்சிபுரத்தின் பெயரும் இடம் பெற்றது. கோயில்களுக்குக் கீர்த்தி பெற்ற நகரம் அந்த வரிசையிலும் நின்றதற்கு நாம் வெட்கப்பட வேண்டும்.

நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகளும் ஆசிரியர்களும் தொண்டு ஸ்தாபனங்களும் தறிக்குழிகளிலிருந்து குழந்தைகளை மீட்டனர். 1988-இல் ஆரம்பமான தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் விசேஷப் பள்ளிகளும், மதிய உணவும், மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் கொடுக்கப்பட்டன. தறிகளில் குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. செலவு செய்த இடத்தில் பலன் கிடைத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ? ஆயினும் 2021 ஏப்ரலில் அந்தத் திட்டம் தனிப் பெயரும் தனிக் கணக்கும் இழந்து, பொதுக் கல்வித் திட்டத்தில் கரைந்து போயிற்று. தனிக் கணக்கு இல்லாத காரியத்தைக் கவனிப்பார் யார்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். நிராதரவான குழந்தைகளைக் காப்பதற்கு மத்திய சர்க்கார் நடத்தும் திட்டத்துக்கு மிஷன் வாத்சல்யா என்று பெயர். செலவில் 60 பங்கை மத்திய சர்க்காரும் 40 பங்கை நம் போன்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும். 2025-26-ஆம் வருஷத்துக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். தொகை பெரிதாகத் தோன்றும். 2011 ஜனக் கணக்கின்படி 18 வயதுக்குட்பட்டோர் 44 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு வருஷத்துக்கு 35 ரூபாய்கூட வரவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த உதவி வேண்டியதில்லை என்பது மெய்யே. ஆனால் அதே கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்யும் குழந்தைகள் மட்டும் 1 கோடிக்கு மேல் இருந்தார்கள். அநாதைகள், கைவிடப்பட்டோர், கொடுமைக்கு ஆளானோர் ஆகியோரையும் இதே தொகையைக் கொண்டுதான் காப்பாற்றியாக வேண்டும்.

சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்று இருக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு மாதத்தில் 20 நாளேனும் கூட வேண்டும். இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் அலகின் ஊழியர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் வைத்துக்கொள்ளப்பட்டவர்கள். நாளைக்கு வேலை நிலைக்குமா என்று அஞ்சும் ஒருவர், ஊர்ப் பெரிய மனிதரின் தறிக்கூடத்துக்குள் துணிந்து நுழைவார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அலட்சியத்தின் விலை என்னவென்று நமது பக்கத்து ஊரே காட்டியிருக்கிறது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதி, செங்கற்பட்டிலுள்ள சர்க்கார் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் மரணமடைந்தான். அடித்துக் கொன்றதாக அவ்வில்லத்தின் ஊழியர்களே கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு சர்க்கார் இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராயச் செய்தது. குற்றம் செய்தவர்கள் தண்டனை பெறட்டும். ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் குழந்தைகளை அடைத்து வைப்பது காப்பு ஆகாது. பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் பணம் வேண்டும்.

பெற்றோரின் கடமையைச் சர்க்கார் ஏன் ஏற்க வேண்டும் என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். நெசவு குலத்தொழில், சிறு வயதில் கற்றால்தான் கை பழகும் என்பது இன்னொரு வாதம். தகப்பனிடம் தொழில் கற்பதை நாம் மறுக்கவில்லை. 2016-இல் திருத்திய சட்டமும் பள்ளி நேரத்துக்குப் பிறகு சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. முன்பணத்துக்கு ஈடாக அயலார் தறியில் உட்காருவது கல்வியாகாது, அடகாகும். சொந்தத் தறியென்ற பெயரில் அடகுத் தறி ஒளிந்துகொள்ளாமல் வீடு வீடாகச் சென்று பார்ப்பதற்கும் ஆட்கள் வேண்டும். தர்மவான்கள் கவனித்துக்கொள்வார்கள் என்பது மூன்றாவது வாதம். 1098 என்னும் தொலைபேசி உதவியை 1996-இல் பம்பாயில் தொண்டர்கள்தாம் தொடங்கினார்கள். 2023 முதல் அது சர்க்கார்களின் கைக்கு வந்துவிட்டது. காரியத்தை ஏற்றுக்கொண்டவர் செலவையும் ஏற்க வேண்டும்.

பணத்தின் அவசியத்தைச் சுப்ரீம் கோர்ட்டும் உணர்ந்திருந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். சர்க்கார் அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும், அல்லது 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கொத்தடிமையிலிருந்து மீண்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் என்று 2016-இல் ஒரு திட்டமும் செய்தார்கள். முழுத் தொகையையோ வழக்கின் முடிவோடு பிணைத்துவிட்டார்கள். நியாயஸ்தலத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கும் வழக்கத்தை நாம் அறிவோம். வாய்தா முடியும்வரை அக்குழந்தையின் வயிறு காத்திருக்குமா?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு விதித்திருக்கிறது. வருஷத்துக்கு அது 48,000 ரூபாய். ஏழை வீட்டின் அடகை மீட்கப் போதுமான தொகை அது. தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும், குறித்த தேதியில், எவர் வாசலிலும் காத்து நிற்காமல் அது கிடைக்க வேண்டும். தாமதித்து வரும் பணம் மறுபடியும் தறிக்காரரிடமே தகப்பனை அனுப்பும். இரண்டாவது, பாதுகாப்பு அலகுகளின் உத்தியோகங்களை நிரந்தரமாக்க வேண்டும். மூன்றாவது, மீட்ட குழந்தைகளின் கல்விக்கு மறுபடியும் தனிக் கணக்கு வேண்டும். நான்காவது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம், நோய்க்கும் சாவுக்கும் உடனடிக் கடன் கொடுக்க ஒரு நிதி வேண்டும்.

காஞ்சியில் பிறந்த அண்ணாவின் ஜன்ம தினமாகிய செப்டம்பர் 15-ஆம் தேதி, 2025-ஆம் வருஷத்தில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் அளிக்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக சர்க்கார் துவக்கியது. அதை மனமார வரவேற்கிறோம். மத்திய சர்க்காரின் பங்கு வரட்டும் என்று காத்திராமல் மாநிலம் முந்திக்கொள்ள முடியும் என்பதை அது நிரூபிக்கிறது.

பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வரவு செலவுத் திட்டம் வெளியாகும் தினத்தில், குழந்தைகள் பாதுகாப்புக்கு எவ்வளவு, சென்ற வருஷம் ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் தேடிப் பாருங்கள். உங்கள் தொகுதிப் பிரதிநிதியை அவற்றைப் பற்றிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். 1933-ஆம் வருஷத்து அந்நிய சர்க்கார் அபராதத்தோடு நின்றுவிட்டது. நமது சர்க்கார் பொக்கிஷத்தைத் திறக்க வேண்டும்.