விருந்து மூன்று நாளைத் தாண்டும்போது

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவர்கள், விருந்தாளி விமானத்தில் வந்து இறங்குவார் என எண்ணியிருக்கமாட்டார்கள். விசாவுக்கு விரல் ரேகை பதித்து, பெரும்பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, பத்து மணி நேரம் பறந்து சென்றவர் மூன்றாம் நாளே பெட்டியைக் கட்ட இயலாது. சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் இங்கிலாந்தில் 26 நாள் தங்கினோம். லண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவில் தங்கை மகளும் அவள் கணவரும் குடியிருக்கிறார்கள். புறப்படுமுன் பார்த்தவர் யாவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, செலவே இராது.” நாங்களும் அதை நம்பினோம். அந்த நம்பிக்கை பிழையானது என்பதை எங்கள் அனுபவத்தால் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டில் தங்கினால் செலவு மறைந்துவிடுவதில்லை. இன்னொருவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அதை நமக்குக் காட்டாமல் இருப்பதுதான் அவர்களுடைய அன்பு.

முதல் வாரம் முழுவதும் அரசமரியாதை. விமான நிலையத்தில் இருவரும் வந்து நின்றார்கள். கோபுரப் பாலம், கிரீனிச்சில் உலக நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக் கோடு, தேம்ஸில் படகுச் சவாரி என்று நாள்தோறும் ஓர் இடம். எங்கு சென்றாலும் நாங்கள் பையைத் திறக்குமுன் அவர்கள் அட்டை இயந்திரத்தின்மேல் பட்டுவிடும். “பெரியப்பா, நீங்கள் சும்மா இருங்கள்” என்பாள். நாங்களும் சும்மா இருந்தோம். சும்மா இருப்பது சுகமாகவே இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எட்டாம் நாள் இரவு, தண்ணீர் எடுக்கச் சென்றபோது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த நாள்காட்டி கண்ணில் பட்டது. அவளுடைய விடுப்பு நாள்கள் அதில் பச்சை மையில் வட்டமிடப்பட்டிருந்தன. நவம்பர் மாதத்தில் பத்து வட்டங்கள் இருந்த இடத்தில் ஆறு அடிக்கப்பட்டு, நான்கே எஞ்சியிருந்தன. நவம்பரில் அவள் மாமனாருக்குச் சஷ்டியப்தபூர்த்தி. அதற்காகச் சேர்த்துவைத்திருந்த நாள்களில்தான் நாங்கள் படகில் போய்க்கொண்டிருந்தோம்.

அந்நாட்டில் முழுநேரப் பணியாளருக்குச் சட்டப்படி உறுதியளிக்கப்படும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆண்டுக்கு 28 நாள். பொது விடுமுறைகளையும் அதற்குள்ளேயே கணக்கிட நிறுவனத்துக்கு உரிமையுண்டு. பணத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம். விடுப்பை எந்த வங்கி வழியாகத் திருப்பி அனுப்புவது? மறுநாள் காலை நாங்கள் கேட்டபோது, “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் பெரியம்மா” என்று சிரித்து மழுப்பினாள். அவள் கணவர் ஒன்றும் பேசாமல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அன்றே ஒரு முடிவுக்கு வந்தோம். இனி வார நாள்களில் எங்களுக்காக எவரும் விடுப்பு எடுக்கக் கூடாது. ஊரை நாங்களே சுற்றிக்கொள்வோம். சொல்வது எளிது. அறுபதைத் தாண்டிய இருவர், சுரங்க ரயில் வரைபடத்தை விரித்தால் கோலம்போல் கோடுகள். ஆயினும் லண்டன் அந்நியரைத் தண்டிக்கும் நகரமன்று. பேருந்தில் ரொக்கம் வாங்கும் வழக்கம் 2014-இலேயே நின்றுவிட்டது. அட்டையைக் காட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். ஒரு நாளில் இவ்வளவுக்குமேல் பிடிக்கப்படாது என்ற உச்சவரம்பும் உண்டு. (மூத்தோருக்கு இலவசப் பயணம் என்பது அங்கு வசிப்போருக்கு மட்டுமே. நாங்கள் கேட்டுப் பார்த்துவிட்டோம்.) ஓர் அட்டையில் ஒருவர்தான் செல்லலாம், ரயிலில் ஏறும்போது காட்டிய அட்டையையே இறங்கும்போதும் காட்ட வேண்டும் என்ற விதி மட்டும் எங்களுக்குப் புதிது.

இந்த விதியால்தான் மனைவியின் கைப்பைக்குள் தனி அட்டை வந்தது. அதுவரை இருவர் பெயரிலும் எடுத்த அந்நியச் செலாவணி அட்டைகள் இரண்டும் கணவரின் சட்டைப்பையிலேயே இருந்தன. எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுப் பழக்கம் அது. தொலைபேசிச் சிம்மும் சிக்கனம் கருதி ஒன்றே வாங்கியிருந்தோம்.

பத்தாம் நாள் ஹாரோ நிலையத்தில் கணவர் ரயிலில் ஏறிவிட, மனைவி நடைமேடையில் நிற்க, கதவு மூடிக்கொண்டது. எங்கே சந்திப்பது என்று நாங்கள் முன்னதாகப் பேசிவைக்கவில்லை. கணவர் அடுத்த நிலையத்தில் இறங்கி மூன்று ரயில்களை உற்றுப் பார்த்தபடி நின்றார். பிறகு ஹாரோவுக்குத் திரும்பினார். அங்கும் காணவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் மனம் என்னென்ன எண்ணியது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. மனைவியோ அடுத்த ரயிலைப் பிடித்து, திட்டமிட்டபடியே யூஸ்டன் ஸ்கொயரில் இறங்கி, வழி கேட்டு நடந்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டார். கடைசியில் கணவரும் அங்கு ஓடி வந்தபோது, அமராவதித் தூபியின் பளிங்குச் சிற்பங்களுக்கு எதிரே அமைதியாக அமர்ந்திருந்தார். “நீங்கள் எப்படியும் இங்கேதானே வரவேண்டும்” என்றார். அவரிடம் அன்று தனி அட்டை இல்லாதிருந்தால் அடுத்த நிலையத்தின் வாயிற்கதவையே தாண்டியிருக்க முடியாது. சிம்மில் மிச்சப்படுத்திய தொகை எங்களைப் பார்த்துச் சிரித்தது. மாலையில் இரண்டாவது சிம் வாங்கினோம்.

அந்த அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணமில்லை. திராஃபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கும் இல்லை. ஊர் பார்க்கக் காசு வேண்டும் என்பதைவிடக் கால் வேண்டும் என்பதே உண்மை.

இரண்டாவது முடிவு, எங்களுக்கே சற்றுக் கடினமாக இருந்தது. நடுவில் ஐந்து நாள் அந்த வீட்டை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவது. “எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லையா?” என்று தங்கை மகள் முகம் வாடினாள். ஆனால் அந்த முகத்திலேயே ஓரமாக ஒரு நிம்மதியும் தெரிந்தது. எங்களுக்கு அதனால் வருத்தமில்லை. இரண்டு படுக்கையறை வீட்டில், ஒரே குளியலறையில், காலை ஏழு மணிக்கு நால்வர் வரிசையில் நிற்பதன் பாரத்தை அன்பு மட்டும் தாங்கிவிடாது.

எடின்பரோ சென்றோம். கிங்ஸ் கிராஸிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரம். இருவர் சேர்ந்து பயணம் செய்வதற்கென்றே அங்கு ஒரு தள்ளுபடி அட்டை விற்கிறார்கள். இருவர் படமும் ஒரே அட்டையில் இருக்கும், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், வார நாள்களில் காலை 9.30-க்கு முன் மட்டும் செல்லாது. திருமணப் புகைப்படத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே சட்டத்துக்குள் அடங்கியது அதில்தான். வடக்கே போகும்போது வலப்பக்க இருக்கை கேட்டு வாங்குங்கள். டர்ஹாம் பேராலயமும், பெர்விக் அருகே கடலும் அந்தப் பக்கம்தான்.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைவரை இறங்கும் கல்பாவிய தெருவில் தினமும் நடந்தோம். வங்கி வாடிக்கையாளர்களுக்கு ஸ்காட்லாந்து ஒரு தனி வேடிக்கை. அங்கு மூன்று வணிக வங்கிகள் இன்றும் தங்கள் பெயரிலேயே பவுண்டு நோட்டு வெளியிடுகின்றன. ஏழைகளின் சிறுசேமிப்புக்காக 1810-இல் ரூத்வெல் என்ற சிற்றூரில் ஹென்றி டங்கன் எனும் பாதிரியார் வங்கி தொடங்கியதும் அந்நாட்டில்தான். அந்த நோட்டுகளை அங்கேயே செலவழித்துவிடுவது நல்லது. லண்டன் கடைகளில் சிலர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு கம்பளிக் கடையில் ஏமாந்தோம் என்றே சொல்ல வேண்டும். செலாவணி அட்டையை அறையில் விட்டுவிட்டு, வழக்கமான டெபிட் அட்டையைக் கொடுத்தோம். ரூபாயிலா, பவுண்டிலா என்று இயந்திரம் கேட்டது. ரூபாய் என்ற சொல்லைக் கண்டதும் ஊர்ப்பாசம், அதையே அழுத்தினோம். அப்படி அழுத்தினால் மாற்றுவிகிதத்தைக் கடைக்காரர் பக்கத்து நிறுவனம் நிர்ணயிக்கிறது, அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும் என்பதைப் பிறகு அறிந்தோம். அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். இல்லாவிட்டால் நாள்களைக் குறைத்துக்கொண்டு போவதே முறை. பணத்தை எடுத்துச் செல்ல இன்று பெருந்தடை ஏதுமில்லை. ரிசர்வ் வங்கியின் தாராளமயத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர்வரை அனுப்பவோ எடுத்துச் செல்லவோ இயலும். அயல்நாட்டு ரொக்கமாக ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர்வரை வாங்கலாம். மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல், இத்தகைய பயணத் தொகை ஒருவருக்கு ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் முன்வரி பிடிப்பார்கள். அதையும் வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். சுற்றுலா நிறுவனத்தின் மொத்தத் தொகுப்புக்கு மட்டும் விதி வேறு.

நாங்கள் மிகவும் வற்புறுத்துவது பயணக் காப்பீட்டை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு 30,000 யூரோ காப்பீடு இல்லாமல் விசா கிடைக்காது. பிரிட்டன் அதைக் கட்டாயமாக்கவில்லை என்பதால் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அங்கு அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை என்பது மெய்தான். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டாலோ, நம்மைப்போன்ற வருகையாளரிடம் வழக்கமான விலையில் 150 விழுக்காடு வாங்குவார்கள். அந்தச் சீட்டு யார் கையில் போய்ச் சேரும்? வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் கையில். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதை மறைத்து எடுக்கும் காப்பீடும் அந்த வேளையில் உதவாது.

இப்படிக் கணக்குப் பார்த்தால் உறவு எங்கே என்று எங்கள் அண்ணன் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. தட்டில் சோற்றுக்கு விலை வைப்பதை நாங்களும் விரும்பவில்லை. அவளிடம் பணம் நீட்டவும் இல்லை, நீட்டியிருந்தால் அழுதிருப்பாள். எடின்பரோவிலிருந்து திரும்பியபின் வாராந்தர மளிகையை எங்கள் அட்டையில் வாங்கினோம். அவர்கள் வேலை முடிந்து வரும்போது குழம்பும் கூட்டும் சூடாக இருந்தன. சனிக்கிழமை மட்டும் நால்வருமாகச் சேர்ந்து வெளியே போனோம். அந்த மூன்று சனிக்கிழமைகள்தான் பயணத்தின் மிக இனிய நாள்கள் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறோம்.

இழந்த ஆறு நாள்களுள் இரண்டை அவள் எப்படியோ அலுவலகத்தில் கேட்டு மீட்டுக்கொண்டாள். நவம்பரில் ஆறு நாளே ஊரில் இருந்தாள்; மாமனாரின் சடங்கு முடிந்த மறுநாள் விமானம். எங்கள் வீட்டுக்கு வர நேரமே கிடைக்கவில்லை. இந்த ஆண்டு டிசம்பரில் இருவரும் வந்து பன்னிரண்டு நாள் எங்களோடு தங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் மூன்று நாள் எங்காவது போய்வருவதாக அவர்களே தொலைபேசியில் சொன்னார்கள். நாங்கள் சற்று முகம் வாடித்தான் போனோம்.