பாலாற்றில் கொட்டும் பணம்

நங்கநல்லூரில் இருக்கிற நம் தோழர்களுக்கு அடையாறு தூரமில்லை. அங்கே 1948-ல் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தீர்த்தத்துக்கும் திருவிழாவுக்கும் பஸ் ஏறிப் போகிறவர்கள், அந்தக் கட்டிடத்துக்குள் என்ன வேலை நடக்கிறதென்று ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?

தோல் பதனிட குரோமிய உப்பு வேண்டும். போட்ட உப்பில் சுமார் நூற்றுக்கு 60, 70 பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் நீலப்பச்சைத் தண்ணீராய் வெளியே போகிறது. அந்தத் தண்ணீரை மற்றக் கழிவோடு கலக்கவிடாமல் தனியே பிடித்து மக்னீசியம் ஆக்சைடைப் போட்டால், குரோமியம் சேறுபோல் அடியில் தங்கும். தெளிவை இறுத்துவிட்டுக் கந்தக அமிலம் விட்டால் பழைய உப்பு திரும்பக் கிடைக்கும். அதைக்கொண்டே மறுபடியும் பதனிடலாம். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. இந்த வித்தையைத் தோல் ஷாப்புக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அடையாற்று நிலையத்தாரும் உண்டு.

அப்படியிருந்தும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கங்களில் நடந்ததென்ன? கிணறுகள் கெட்டன, பாலாறு கெட்டது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு அதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுதவேண்டி வந்தது. நடுவில், 2015 ஜனவரியில், ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்களே அதில் அதிகம்.

தோல் வேலையைத் தீட்டென்று ஊர்க்கோடியில் தள்ளிவைத்த மகா புத்திசாலிகளை நாம் கேட்கிறோம்: மிருதங்கத்தில் கட்டிய தோல் தீட்டில்லை, அதை உரித்தவன் மட்டும் தீட்டு என்பது என்ன சாஸ்திரம்? தள்ளிவைத்ததன் பலன் என்னவென்றால், அங்கே நிற்கிறவன் கைகால் என்ன ஆனால் என்ன, அவன் கிணறு என்ன ஆனால் என்ன என்கிற அலட்சியம் முதலாளிக்கும் அதிகாரிக்கும் வெகு சுலபமாய் வந்துவிட்டது.

செலவு கட்டாது என்கிறார்கள். சிறிய ஷாப்புக்காரர் தனியே வைத்துக்கொள்வது கஷ்டமென்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். பத்துப்பேர் சேர்ந்து பொதுவில் வைக்கட்டுமே! தோல் கெடாமலிருக்கப் போடும் சாதாரண உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் மெய்யாகவே பெருஞ்செலவு. அந்தச் சாக்கை இதற்குச் சொல்வது செல்லாது. இது காசு கொடுத்து வாங்கிய சரக்கு, காசாகவே திரும்புகிறது.

ஆகவே அந்தப் பக்கத்துத் தோழர்கள் தகவல் அறியும் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இரண்டே கேள்விகள் எழுதட்டும்: எந்தெந்த ஷாப்பில் குரோமியத் தண்ணீருக்குத் தனிக்குழாய் இருக்கிறது? போன மாதம் எவ்வளவு உப்பு மீண்டது?