உண்ணியின் வம்சாவளி

நாள்பட்ட மாவில், மாவே நகர்வதுபோல் ஊரும் வெளுத்த ஜந்துக்களைத் தோழர்கள் கண்டிருக்கலாம். உண்ணியைப்போல் எட்டுக்காலுடைய, புள்ளியளவேயான சிற்றுண்ணிகள் அவை. ஒன்றுக்கு ஆபத்து வந்தால், முதுகின் பின்புறமுள்ள இரண்டு எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து ஒரு நெடியை விடுகின்றது, கூட்டம் சிதறுகின்றது. அப்பொருள் நெரில் பார்மேட் என்று ஜப்பானியர் 1975-ல் கண்டனர்.

நிற்க. சருகுக்கடியில் மண்ணில் வாழும் சிற்றுண்ணிகளில் மிகப் பல கெட்டி ஓடுடையவை. இவற்றையும் மாவுண்ணியையும் உருவம் பார்த்து வேறு வேறு வகுப்பாக எழுதி வைத்தார்கள். மாவுண்ணி மண்ணுண்ணியின் ஒரு கிளையே என்று நார்ட்டன் என்பவர் 1998-ல் உறுப்புகளை ஒப்பிட்டு வாதித்தார். 2001-ல் அவரும் சகாட்டாவும் சுரப்பியையே சாக்ஷிக்கு அழைத்தனர். மண்ணுண்ணிகள் சிலவற்றிலும் அதே நெரில் பார்மேட்! எலுமிச்சம்புல் தைலத்துக்கு மணந்தரும் அதே சிட்ரால்!

தனித்தனியே சிருஷ்டித்தவருக்குச் சரக்கில் இவ்வளவு பஞ்சமா என்று கேட்கின்றோம். ஒரே பாட்டன் சொத்து என்றால் விஷயம் விளங்குகின்றது. மனிதன் தோலைக் குடைந்து சொறி உண்டாக்கும் பூச்சியும் மாவுண்ணியின் வகுப்பைச் சேர்ந்ததே. அதன் பூர்வீகமும் சருகுக் குப்பைதான் என்றாகின்றது.

ஒன்றை மறைக்க மாட்டோம். இருவேறு ஜந்துக்கள் ஒரே பொருளைத் தனித்தனியே உண்டாக்குவதும் உலகில் உண்டு. ஆகையால் மணம் ஒன்றே போதிய ருஜுவல்ல. மரபணுவைச் சோதித்த சிலருக்கு வேறு விடையும் வந்தது. அதற்காக எவரும் நாஸ்திகராக்கப்படவில்லை, மறுபடி சோதித்தார்கள்.