தொழிற்பயிற்சி கண்டியிலேயே கிடைக்கட்டும்

தகவல் முறைமைக் கல்வி நிரல் எழுதப் பழகுவதோடு முடிவதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரு பதிவு யார் கையில் தொடங்கி யாரிடம் போகிறது, எந்த இடத்தில் பிழைக்கிறது என்று கண்டறிந்து, அதற்கேற்ற முறைமையை அமைப்பதே அதன் உயிர்நாடி. விரிவுரைக் குறிப்பை மனனம் செய்து இதைக் கற்க முடியாது.

பெயர்ப் பதிவையே எடுத்துக்கொள்ளலாம். பாடநூல் அட்டவணையில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். மலையகத் தமிழரில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தந்தை பெயர்தான் முன்னால் நிற்கும். அதே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்திலும் அடையாள அட்டையில் வேறோர் எழுத்திலும் இருக்கும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தேடினால் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். இந்தச் சிக்கலை மாணவர் சந்திக்கும் இடம் வகுப்பறையல்ல, பிரதேச செயலகத்தின் கருமபீடம்.

காப்புப்பிரதியும் அப்படித்தான். 2023இல் அரச மேகக்கணிமை தாக்கப்பட்டபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அந்தக் காலத்துக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. காப்புப்பிரதியின் வரைவிலக்கணத்தை எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். அழிந்த தரவுத்தளத்தை மீட்டுக் காட்டுவதற்கும் புள்ளி வேண்டும்.

கண்டியில் கல்வி நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கண்டிக் கிளை தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா நடத்துகிறது. ஆனால் மென்பொருள் கம்பனிகள் பெரும்பாலும் கொழும்பில். தொழிற்பயிற்சி என்றதும் மாணவர் பெட்டி கட்ட வேண்டியதாகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மடிக்கணினி வாங்கவே திணறும் தோட்டக் குடும்பம், கொழும்பில் அறை வாடகைக்கு எங்கே போகும்?

கண்டி மாநகர சபை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், வைத்தியசாலைகள், ஏன், நகரின் மொத்த வியாபாரக் கடைகள்கூடப் பயிற்சிக் களங்களாகலாம். மக்களின் அந்தரங்கத் தகவலை மாணவர் கையில் கொடுப்பதா என்ற தயக்கம் நியாயமானதே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கவனம் கோருகிறது. பெயரும் இலக்கமும் மாற்றப்பட்ட பிரதியில், விரிவுரையாளரின் மேற்பார்வையில் வேலை கொடுத்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமிராது. கம்பனிப் பயிற்சி அளவுக்கு இது மதிப்பில்லை என்பார் உண்டு. கொழும்பில் தேநீர் பரிமாறியும் நிழற்பிரதி எடுத்தும் கழிந்த பயிற்சிக்காலங்களை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

உள்ளூர் அலுவலகத்தில் செய்த வேலையை முழுமையான தொழிற்பயிற்சியாகக் கல்வி நிறுவனங்கள் ஏற்க வேண்டும். அடுத்த அணி மாணவர் பயிற்சிக்குப் புறப்படுமுன், எத்தனை பேருக்கு இடம் தரமுடியும் என்பதை மாநகர சபையும் மத்திய மாகாண சபையும் அறிவிக்க வேண்டும்.